மாடர்ன் க்வில்ட்டுக்கு எந்தத் துணி: எம்.சி. ரோடா, மேட்சிங் சென்டரா, அப்பாவின் லுங்கியா?

உள்பாவாடைத் துணியில் க்வில்ட் தைக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் தைத்தேன்.

வடசென்னை எம்.சி. ரோட்டில் ஒரு கடையில், உள்பாவாடைக்கு விற்கிற மெரூன் கலர் பாப்ளினை முழுச் சுருள்களாக, தான் தானாக அடுக்கி வைத்திருந்தார்கள். விலை கம்மி, கையில் பிடித்தால் மொடமொடவென்று இருந்தது, வெள்ளைக்கு நடுவில் நாலே நாலு மெரூன் கட்டம் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குள் படம் ஓடத் தொடங்கிவிட்டது. அண்ணன் குழந்தைக்காகத் தைத்தது. முதல் தடவை துவைத்து மொட்டை மாடியில் உதறிப் போடும்போதுதான் பார்க்கிறேன், ஒவ்வொரு மெரூன் கட்டத்தைச் சுற்றியும் ரோஸ் கலரில் புகை மாதிரி ஒரு கறை. அண்ணி வந்து பார்த்துவிட்டு, "இந்த டிசைன் நல்லாத்தான் இருக்கு" என்றார். கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே டிசைன் என்று நினைத்துவிட்டார், அதுதான் தாங்கவில்லை. கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டை என்று பெயர் வாங்கிய ஊரில் வாங்கிய துணி, வெள்ளையைக் கறையாக்கிவிட்டு வந்து நிற்கிறது.

அதற்கப்புறம் ஐந்து க்வில்ட் ஆகிவிட்டது. "எந்தத் துணி வாங்கறது, எங்க வாங்கறது" என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் மொத்தமாக எழுதுகிறேன்.

க்வில்ட் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மேலே துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த ஒரு பரப்பு, நடுவில் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல். நம் பாட்டிகள் பழம்புடவையை மடித்து அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரித்தார்களே, எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற வீடுகளில் பொந்த என்பார்கள், அதற்குச் சித்தப்பா மகள் முறை.

பூப்போட்ட துணியை வெட்டி நட்சத்திரம் நட்சத்திரமாக ஒட்டுவது பழைய பாணி. மாடர்ன் க்வில்ட்காரர்கள் ஒரே நிறத் துணி, நிறைய வெற்றிடம், கோணல்மாணலான கோடு, சாம்பலும் வெள்ளையும் என்று போவார்கள். 2009ல் லாஸ் ஏஞ்சலிஸில் சிலர் கூடி மாடர்ன் க்வில்ட் கில்ட் என்று தொடங்கியதிலிருந்து இந்தப் பெயர் பரவியது. ஆனால் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற சின்ன ஊரில் கறுப்பினப் பெண்கள் அதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே, வேலைக்குப் போட்டுத் தேய்ந்த பேண்ட்டையும் சட்டையையும் கிழித்து இதே மாதிரிதான் தைத்துக்கொண்டிருந்தார்கள். 2002ல் அவற்றை ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் மியூசியச் சுவரில் மாட்டினார்கள். நமக்கு இதில் என்ன வேலை என்றால், பிரிண்ட் துணி எல்லாத் தப்பையும் மறைத்துவிடும், ஒரே நிறத் துணி ஒன்றையும் மறைக்காது. சாயம் ஒட்டினால் தெரியும், நெசவு கோணினால் தெரியும், ஒரே நிறத்தை இரண்டு தானிலிருந்து வாங்கியிருந்தால் அதுவும் தெரியும். அதனால் கடைக்குப் போய் நின்றதும் "என்ன டிசைன் இருக்கு" என்று கேட்காமல் "இந்தக் கலர் நிற்குமா" என்று கேட்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் எப்படியும் நிற்கும் என்றுதான் சொல்வார். அதற்குச் சோதனை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் இறக்குமதித் துணி. க்வில்ட்டுக்கென்றே நெய்கிற காட்டன், 44 அங்குலப் பன்னா, அதாவது அகலம், நீளவாட்டில் ஓடும் பாவிலும் குறுக்கே ஓடும் ஊடையிலும் அங்குலத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 70 இழை, இரண்டு பக்கமும் சமமாக. வெட்டினால் அதிகம் பிசிறாது, இஸ்திரி போட்டால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும், தைக்கும்போது இழுபடாது. குறை என்று சொன்னால் விலை ஒன்றுதான், ஆனால் அந்த ஒன்று போதும். ஒரு மீட்டர் இறக்குமதித் துணியின் காசுக்கு இங்கே ஏழெட்டு மீட்டர் பாப்ளின் வந்துவிடும். நான் ஒரே ஒரு தடவை ஒரு மீட்டர் வாங்கினேன், வெட்ட மனசு வராமல் இன்னமும் பீரோவில் இருக்கிறது. வெளிநாட்டுக்கு விற்கப் போகிறீர்கள் அல்லது போட்டிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். கற்றுக்கொள்ளும்போது வேண்டாம், பயந்து பயந்து வெட்டுகிற துணியில் கை பழகாது.

அடுத்தது மேட்சிங் சென்டர். இதைப் பற்றித்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் கோனா காட்டன் என்று ஒரு துணி, 300க்கும் மேல் ஒற்றை நிறங்களில் வருவதை அங்கே க்வில்ட் தைப்பவர்கள் பெரிய விஷயமாகப் பேசுவார்கள், நிற அட்டையைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார்கள். நம் ஊரில் புடவைக்கு ப்ளவுஸ் துணி வாங்கப் போகிற கடையில் சுவர் முழுக்க இருப்பது என்ன? கத்தரிப்பூ கலரிலேயே ஆறு ஷேடு, கிளிப்பச்சை தனி, இலைப்பச்சை தனி, பாசிப்பச்சை தனி, மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் நடுவில் நாலு மஞ்சள். புடவை முந்தானையை விரித்துக் காட்டினால் கடைப் பையன் மேலே ஏறிச் சரியான கலரைக் கண்ணாலேயே பொருத்தி இழுத்துப் போடுவான். கலர் பார்க்கும் பயிற்சிக்கு அந்தப் பையன் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், தனியாக வகுப்பு வேண்டாம். ஒவ்வொரு கலரிலும் கால் மீட்டர், அரை மீட்டர் கேட்டாலும் முகம் சுளிக்காத கடைகள் இருக்கின்றன, அதுவும் பெரிய வசதி.

ஆனால் அங்கே அதிகம் இருப்பது டூ பை டூ. பாவிலும் ஊடையிலும் இரட்டை முறுக்கு நூல் என்பதால் அந்தப் பெயர், துணி மெல்லிசு, ப்ளவுஸுக்கு லைனிங் வைத்தே தைப்பார்கள். க்வில்ட்டில் இதனால் வரும் தொல்லை என்ன தெரியுமா, வெள்ளை டூ பை டூ பக்கத்தில் கறுப்பு வந்தால் உள்ளே மடிந்த கறுப்பு ஓரம் வெள்ளை வழியாக நிழல் மாதிரி தெரியும். தையலை எப்போதும் அடர் நிறத்தின் பக்கம் மடித்து இஸ்திரி போட்டால் முக்கால்வாசி சரியாகும். இன்னொன்று, பியூர் காட்டன் என்று சொல்லி பாலியஸ்டர் கலந்ததைக் கொடுத்துவிடுவார்கள். ஓரத்தில் நாலு இழை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள், காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பல் தூளாக உதிர்ந்தால் காட்டன், சுருண்டு கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர் இருக்கிறது. கடைக்குள் செய்யாதீர்கள். வாசலில் செய்தாலும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

பாப்ளினும் கேம்பிரிக்கும் மூன்றாவது வழி, இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பாப்ளினில் பாவு இழை நெருக்கம், உற்றுப் பார்த்தால் குறுக்கே மெல்லிய வரி தெரியும். கேம்பிரிக் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நெருக்கம், மேலே லேசான பளபளப்பு. க்வில்ட் காட்டனுக்கு இங்கே கிடைப்பதில் ரொம்பக் கிட்டத்தில் வருவது கேம்பிரிக்தான், பின்னணி வெள்ளைக்கு நான் வேறு எதையும் இப்போது தொடுவதில்லை. பாப்ளின் பெரும்பாலும் 36 அங்குலப் பன்னாவில் வரும், கணக்குப் போடும்போது அதை மறந்துவிட்டால் கடைசி வரிசைக்குத் துணி பத்தாது. போதாக்குறைக்கு மலிவு பாப்ளினின் மொடமொடப்பு பாதி கஞ்சி. ஒரு தண்ணீரில் முக்கி எடுத்தால் கையில் வருவது வேறு துணி. பின்னணித் துணியை மட்டும் எவ்வளவு தேவையோ அதற்கு மேல் ஒரு மீட்டர் சேர்த்து ஒரே தானில் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் போனால் அதே நம்பர் இருக்கும், அதே வெள்ளை இருக்காது. மீட்டர் கணக்கில் அல்லாமல் முழுத் தானாக வேண்டும் என்றால் கோடவுன் தெரு, ஆனால் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால்தான் அது கட்டுபடியாகும்.

சவுகார்பேட்டை பக்கம் கிலோ கணக்கில் கிடைக்கும் கட் பீஸைப் பற்றி ஒரே வரி: எதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, பழகிப் பார்க்க வாங்கலாம், பரிசாகக் கொடுக்கப் போவதற்கு வாங்காதீர்கள்.

பழம்புடவை எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. காட்டன் புடவை கன்னத்தில் வைத்தால் அவ்வளவு சுகம், காசும் இல்லை, அம்மாவின் ஞாபகம் வேறு. ஆனால் தேய்ந்த புடவை மிஷின் தையலில் இழுபடும், மடியிலும் கொசுவத்திலும் வெயில் பட்டு நைந்த இடம் முதல் துவைப்பிலேயே கிழியும். வட கன்னடத்தில் சித்தி என்கிற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் கவந்தி என்று ஒன்று தைக்கிறார்கள், பழந்துணியை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேர்வார்கள், பரப்பு முழுக்க நெருக்கமாகக் கையால் ஓட்டுத் தையல் விழுவதால் நைந்த துணியையும் அந்தத் தையலே பிடித்துக்கொள்கிறது. அந்தப் பொறுமை இருந்தால் புடவை எடுங்கள். மிஷினில் நேர்கோடு போடுபவர்கள் புடவையைத் தொட வேண்டாம்.

அப்புறம் லுங்கி. சிரிக்காதீர்கள். கட்டம் போட்ட லுங்கியில் கட்டம் நெய்ததே தவிர அச்சடித்ததில்லை, இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஒரு பக்கம் வெளுத்துத் தெரியாது. ஒற்றை நிறங்களுக்கு நடுவில் ஒரே ஒரு கட்டம் லுங்கித் துணியில் வைத்துப் பாருங்கள், மாடர்ன் க்வில்ட் என்றால் என்ன என்று அப்போது புரியும். அப்பாவுடையது காசிமேட்டு மீன் வாசனை போகப் பல வருடம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது, நீலத்தில் வெள்ளைக் கோடு. அதில் சாயப் பயமும் இல்லை, போகவேண்டியதெல்லாம் எப்போதோ போய்விட்டது. புதிய லுங்கி அப்படி இல்லை. மெட்ராஸ் கட்டம் என்று உலகம் முழுக்கப் போன துணியே சாயம் போவதற்குப் பெயர் வாங்கியதுதான், 1960களில் அமெரிக்காவில் "சாயம் போகும், உத்தரவாதம்" என்றே விளம்பரம் செய்து சட்டையாக விற்றார்கள், ஒவ்வொரு துவைப்பிலும் கலர் கலந்து புதுசாகத் தெரியும் என்று. நமக்கு அந்தப் பேஷன் வேண்டாம், வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறோம். புதிய லுங்கியின் கஷ்டம் இன்னொன்று, கட்டம் என்பதால் வெட்டு ஒரு நூல் கோணினாலும் காட்டிக்கொடுத்துவிடும். பெரம்பூர் பின்னி மில்லில் 1996ல் மூடும்வரை வேலை பார்த்த ஒரு தாத்தா எங்கள் தெருவில் இருக்கிறார், அவர் சொன்னது: "வெட்டாத, கிழி. கிழிச்சாத்தான் துணி தன் நேர்கோட்டக் காட்டும்." ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு கொடுத்து சர்ரென்று கிழித்தால் இழையோடு நேராக வரும். கிழித்த விளிம்பு கொஞ்சம் நெளியும், அதைக் கத்தரித்துக்கொள்ளலாம்.

சரி, சோதனை. எந்தக் கடை, எந்த விலை என்றாலும் இதைச் செய்யாமல் வெட்டாதீர்கள். இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை எடுத்து, வெள்ளைப் பீங்கான் கப்பில் நல்ல சூடான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, கூடவே ஒரு வெள்ளைத் துண்டுத் துணி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். சாயம் வரக்கூடிய துணி என்றால் ஐந்தாவது நிமிடமே தண்ணீர் டீ மாதிரி ஆகும். எடுத்து ஈரத்தோடு வெள்ளைத் துணிமேல் வைத்து, பிழியாமல் அப்படியே காயவிட்டுப் பாருங்கள், ஏனென்றால் கப்பில் தெரியாதது காயும்போது ஒட்டும். சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு நாலையும் கட்டாயம் சோதியுங்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது, அதனால் மெட்ரோ வாட்டரில் செய்யுங்கள். கல் உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லார் வீட்டிலும் சொல்வார்கள், நானும் செய்தேன், ஆலையில் சாயம் ஏற்றி முடித்த காட்டனில் உப்பும் வினிகரும் புதிதாக எதையும் பிடித்து வைக்காது. மிச்சச் சாயம் வெளியே போகும்வரை சூடான தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுவதுதான் வழி. மூன்று அலசலுக்குப் பிறகும் தண்ணீர் தெளியாத துணியை வைத்து உள்பாவாடையே தைத்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் அது வந்தது.

கூடவே பத்து அங்குலத்துக்குப் பத்து அங்குலம் ஒரு சதுரம் பென்சிலில் வரைந்து துவைத்துப் பாருங்கள். ஒன்பதரைக்கு வந்தால் அது அரை அங்குலம் சுருங்கும் துணி, சுருங்காத துணியோடு சேர்த்துத் தைத்தால் க்வில்ட் முறுக்கிக்கொள்ளும். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னார்கள், புதுத்துணியையும் கசக்கித்தான் வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் லேசாக அரிசிக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டால் பழைய மொடமொடப்பு வந்துவிடும்.

என் மெரூன் க்வில்ட் என்ன ஆனது என்றால், நல்லவேளை வெயிலில் நன்றாகக் காய்வதற்குள் எடுத்துவிட்டேன். பெரிய டப்பில் கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட் தாராளமாக, க்வில்ட் முழுக்க முங்கும்படி ராத்திரி முழுக்க ஊறல். தண்ணீர் நிறைய இருந்தால் வெளிவந்த சாயம் திரும்ப ஒட்டாமல் தண்ணீரிலேயே நிற்கும். மூன்று ராத்திரி, மூன்று டப். முக்கால்வாசி போனது. ஒரு மூலையில் மட்டும் ரோஸ் இன்னும் இருக்கிறது, குழந்தை அந்த மூலையைத்தான் வாயில் வைக்கிறது.

நடு அடுக்கைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். மார்கழியிலும் ஃபேன் நிற்காத வீட்டுக்கு பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு எதற்கு? காட்டன் ஃபிளானல் ஒரு அடுக்கு போதும், அதுவும் வேண்டாம் என்றால் பழைய பெட்ஷீட். அடித்துணிக்கு டபுள் பெட்ஷீட் எடுத்தால் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக வரும், ஆனால் ரொம்ப நெருக்கமாக நெய்த ஷீட்டில் கைத்தையல் ஊசி இறங்காது.

இனி ஆட்கள். துணி வாங்குவதைவிட இது கஷ்டம். தென்சென்னையில் வகுப்புகள் இருக்கின்றன, 2019ல் சென்னையிலேயே இந்தியா க்வில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது, அந்தப் பக்கம் தைப்பவர்கள் உண்டு. வகுப்புக்குப் போனால் நல்ல கத்தி, நல்ல அளவுகோல், நல்ல மிஷின் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம், முறையாக வரும். தண்டையார்பேட்டையிலிருந்து போய் வர அரை நாள், பாதிப் பேச்சு ஆங்கிலத்தில், அங்கே காட்டுகிற துணிக்கும் நம் கையில் இருக்கிற துணிக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு தடவை போய் அடிப்படையைக் கற்றுக்கொள்வதில் தப்பே இல்லை, நானும் போனேன். ஆனால் வாராவாரம் "இது சரியா வருதா பாருங்க" என்று காட்ட ஆள் பக்கத்துத் தெருவில் வேண்டும்.

எனக்குக் கிடைத்தது ஒரு டெய்லர் அக்கா. ப்ளவுஸ் தைத்து மிஞ்சிய டூ பை டூ துண்டுகள் சாக்குச் சாக்காக அவரிடம் இருக்கும் என்று கேட்கப் போனேன். "இன்னாமா, நல்ல துணிய துண்டு துண்டா வெட்டி மறுபடியும் ஒட்டப் போறியா? வேற வேல இல்ல உனக்கு?" என்றுதான் தொடங்கினார். தையலுக்குக் கால் அங்குலம், அதாவது இரண்டு நூல்தான் விட வேண்டும் என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ப்ளவுஸில் நாளைக்குப் பிரித்துப் பெரிசாக்க ஒரு அங்குலமாவது உள்ளே விடுகிற கை அது. ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு கட்டம், பதினொரு தையல், ஒவ்வொன்றிலும் அரை நூல் தப்பினால், இரண்டு பக்கத் துண்டிலும் சேர்த்து ஒரு நூல், வரிசைக் கடைசியில் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் இடிக்கும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். பேசாமல் என் துண்டை வாங்கி, மிஷின் பாதத்துக்குப் பக்கத்தில் கட்டையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினார், ஊசியிலிருந்து சரியாக இரண்டு நூல். "இத்தப் பாத்துனே ஓட்டு." வகுப்பில் இதற்கென்று விற்கிற பாதத்தை நான் இன்னும் வாங்கவில்லை.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு அவர் கடை ஷட்டர் பாதி இறக்கிய பிறகு நாலு பேர் உட்காருகிறோம், துண்டுகளை மாற்றிக்கொள்கிறோம், ஒரு தான் கேம்பிரிக்கைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். கணக்குக்கு நான், நேர்த்தையலுக்கு அவர்.

அதனால் முதல் க்வில்ட்டுக்கு என்னைக் கேட்டால்: வெள்ளை கேம்பிரிக், மேட்சிங் சென்டரில் ஐந்து கலரில் அரை அரை மீட்டர், நடுவே ஃபிளானல், அடியில் ஷீட், எங்காவது ஒரு கட்டம் பழைய லுங்கி. சின்னக் குழந்தைக்கு என்றால் மெரூனையும் கருநீலத்தையும் மறந்துவிடுங்கள். கைத்தையல்தான் போடுவேன் என்பவர்கள் லுங்கியிலிருந்தே தொடங்கலாம். டெய்லர் அக்கா தன் முதல் க்வில்ட்டைத் தொடங்கிவிட்டார், வெள்ளையே இல்லாமல், முழுக்க முழுக்கக் கிளிப்பச்சையும் ராணி ரோஸும். சோதனை செய்தீர்களா அக்கா என்று கேட்டேன். "போமா, முப்பது வருஷமா துணி பாக்கறேன்" என்றார். இந்த ஞாயிறு துவைக்கிறோம்.